யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

சட்டப்படி ஒரு பதிவுத் திருமணத்துக்கு மூன்று நிமிடம் போதும். அந்த அம்மாள் பதிவாளராக வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அது அரைமணி நேரம் ஆகிவிட்டது. அதனால் குமாஸ்தாக்கள் அவளுக்கு வைத்த பெயரே ‘அரைமணி’. அவளுக்கும் அது தெரியும், கண்டுகொள்ள மாட்டாள். ஓட்டுநர் உரிமம் வாங்கிய முகத்தோடு ஒரு ஜோடி தன் அறையை விட்டுப் போனால் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. மணமக்களைத் தனித்தனியே கூப்பிட்டு, மற்றவரிடம் தனக்கு எரிச்சலூட்டுவது எது என்று எழுதி வாங்குவாள். பிடித்ததை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், எரிச்சலைச் சொல்லத்தான் கூட இருந்து பார்த்திருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அந்தச் சீட்டுகளைச் சபையில் உரக்கப் படிப்பாள். மாடி ஏறும்போதெல்லாம் மாப்பிள்ளை படிகளை எண்ணுவதாக ஒரு பெண் போட்டுக்கொடுத்தாள். அவன் அப்பாவும் அதே ரகம்தான் என்று மாமியார் எழுந்து சாட்சி சொன்னாள். அலுவலகத்தில் இன்றைக்கும் அதுதான் பேச்சு.

ஊருக்கெல்லாம் சிரிக்கச் சிரிக்கக் கல்யாணம் செய்துவைத்தவளுக்கு அன்று முகத்தில் ஈயாடவில்லை. மணப்பெண் அவளுடைய அம்மா, வயது அறுபத்திரண்டு. மாப்பிள்ளை ஒரு லிஃப்ட் மெக்கானிக். அம்மா குடியிருந்த கட்டடத்தில் லிஃப்டைப் பார்க்க வந்து, அவளோடு இரண்டு மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டவர். பழுது பார்க்க வந்தாரா, பழுதாக்க வந்தாரா என்ற சந்தேகம் மகளுக்கு இன்னும் தீரவில்லை. பெற்ற தாயின் திருமணத்தை மகள் நடத்தக் கூடாது என்று எங்காவது ஒரு விதி இருக்காதா என்று சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தாள். பாழாய்ப்போன புத்தகத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

சீட்டுகளைப் படித்தாள். எந்தப் பொத்தானையும் இவள் இரண்டு தடவை அமுக்குகிறாள் என்று அவர் எழுதியிருந்தார். சினிமாவுக்குப் போனாலும் அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு என்ன நோய் என்று சொல்லாமல் இவர் உட்கார மாட்டார் என்று அம்மா எழுதியிருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள், படித்தவளைத் தவிர.

“இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா?”

இதைக் கேட்டுவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணுவாள். பிறகு பதிவேட்டின் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுவாள். அன்று எண்ணிக்கை பத்தைத் தாண்டியும் பேனா கட்டத்தின் மேலேயே நின்றது. சாட்சிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெக்கானிக் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

அம்மாதான் வாயைத் திறந்தாள். “யாருக்காவதுன்னா அதுல நீயும்தான் சேத்தி. இருந்தா சொல்லிடு.”

நாற்பது வயதில், அரசாங்க முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, அரைமணி சொன்னாள்: “நாலு மாசமா நீ எனக்கு ஃபோனே பண்றதில்ல.”

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ஃபோன் எடுத்தாலே விசாரணைக் கமிஷன் ஆரம்பித்துவிடுகிறாய், பிறகு எப்படிக் கூப்பிடுவது என்றாள் அம்மா. அதில் பொய்யில்லை. அவருக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு, ஓய்வூதியம் உண்டா, குறட்டை விடுவாரா என்று மகள் கேட்காத கேள்வி இல்லை.

“இவர் வேண்டாம்னு சொல்றியா, நான் வேணும்னு சொல்றியா?”

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “நீ வேணும்னுதான்.”

“அது ஆட்சேபத்துல வராது. எழுது.”

‘இல்லை’ என்று எழுதினாள். அடுத்த கேள்வி படிவத்தில் அச்சடித்தே இருந்தது: இவரைக் கணவராக ஏற்கத் தங்களுக்குச் சம்மதமா? பெற்றவளைப் பார்த்துத் ‘தங்களுக்கு’ என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. படிவத்தை மேஜைமேல் வைத்தாள்.

“அம்மா, உனக்குச் சம்மதமா?”

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“நாலு மாசத்துல இத மட்டும்தான்டி நீ கேக்கல,” என்றாள். “சம்மதம்.”