சூடாயிருக்கு, மூடி வை

"முப்பத்திரண்டுலயே நிக்குதுடா. எழுந்ததுலேருந்து பாக்கறேன், நகரவே மாட்டேங்குது" என்றாள் அக்கா போனில்.

எதன் முப்பத்திரண்டு என்று நான் கேட்கவில்லை. மடிக்கணினி பழுது பார்ப்பவனிடம் ஒருவர் வெறும் எண்ணைச் சொல்லிப் பதறினால் அது பெரும்பாலும் அப்டேட்தான்.

"இன்னைக்குப் போய் ஏன்க்கா அப்டேட் போட்டே?"

"நான் எங்கடா போட்டேன்? அதுவா வந்து 'இப்போது செய்யலாமா'ன்னு கேட்டுச்சு. மரியாதையா கேக்குதேன்னு சரின்னு அழுத்திட்டேன்."

அன்று மதியம் அக்காவுக்குத் தேர்வு. கல்யாணமான புதிதில் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவள். சீட்டை நீட்டினால் போதும், கை தானாகச் சரியான இழுப்பறைக்குப் போய்விடும். இருந்தாலும் பதிவு பெற்ற மருந்தாளுநர் பக்கத்தில் நின்று தலையாட்டினால்தான் மருந்தைக் கொடுக்கலாம். அந்தத் தலையாட்டும் இடத்துக்குத் தானே போய்விட வேண்டும் என்று வேலைக்கு நடுவே படித்துப் படித்துக் கடைசித் தாள் வரைக்கும் வந்திருந்தாள். வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் தேர்வுக்கான மென்பொருள், முன்கூட்டியே பதிவு செய்த அந்த ஒரு மடிக்கணினியில்தான் திறக்கும். இன்று திறக்காவிட்டால் இனி அடுத்த வருடம்தான்.

போனில் பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சா சரியாப் போயிடும்னு சொல்றேன், யார் கேக்கறா!"

"அக்கா, நான் வர்ற வரைக்கும் மாமாவைப் பக்கத்துல விடாதே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்தப் பட்டனுக்கு நான் ஏன் பயப்படுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அப்டேட் என்பது வீட்டுக்குள் ஆட்கள் இருக்கும்போதே சாமான்களை மாற்றுவது போன்ற வேலை. முதலில் புதுச் சாமான்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பிறகு பிரிப்பார்கள். பழைய கட்டிலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புதியதைப் போட்டு, ஆடவில்லையே என்று பார்த்த பிறகுதான் பழையதை வெளியே அனுப்புவார்கள். நடுவில் யாராவது மெயினை அணைத்து வீட்டை இருட்டாக்கிவிட்டால் படுக்கப் பழைய கட்டிலும் இருக்காது, புதியதும் இருக்காது. பல நேரம் கணினியே சமாளித்துப் பழையதை எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஆனால் அந்தப் பல நேரத்தை நம்பி அக்காவின் ஒரு வருடத்தைப் பணயம் வைக்க எனக்கு மனம் இல்லை.

நான் போனபோது மாமா சாப்பாட்டு மேசை அருகே காவல்காரர் போல நின்றிருந்தார். அவர் பேருந்து ஓட்டுநர். மனைவியின் தேர்வுக்காக விடுப்பு எடுத்திருந்தார்.

"வாங்க டாக்டர். பேஷன்ட் காலையிலேருந்து பேச்சு மூச்சில்லாம கிடக்கறாரு" என்றபடி, மேசையில் பாதி திறந்திருந்த மடிக்கணினியின் மேலிருந்த துணி உறையைப் பக்குவமாகக் கழற்றினார்.

அந்த உறையைப் பார்த்ததும் வந்த வேலை எனக்கு ஒரு நொடி மறந்துபோனது. வெளிர் நீலத்தில் பெரிய பெரிய மஞ்சள் பூக்கள். எங்கள் பழைய வீட்டு ஜன்னல் திரைத்துணி அது. அதில் மிஞ்சியதைத்தான் அம்மா எங்கள் முதல் கணினிக்கு உறையாகத் தைத்தார். அக்கா இந்த மடிக்கணினியை வாங்கியபோதும், "அந்தத் துணி இன்னும் மிச்சம் கிடக்கு" என்று நாலு பக்கமும் எலாஸ்டிக் வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்.

"பூவை அப்புறம் ரசிக்கலாம்டா, முதல்ல இதைப் பாரு" என்றாள் அக்கா. கையில் பாடப்புத்தகம் இருந்தது. விரல் ஒரு பக்கத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அவள் படிக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

திரையில் முப்பத்திரண்டு. அதன் மேல் சிறு புள்ளிகள் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் புள்ளிகளை நம்பவே கூடாது, உள்ளே எதுவும் நடக்காதபோதும் அவை பாட்டுக்கு ஓடும். நம்ப வேண்டியது பக்கவாட்டில் இருக்கும் சின்ன விளக்கைத்தான். ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டு எதையாவது எழுதும்போதும் படிக்கும்போதும் அது மினுக்கும். குனிந்து பார்த்தேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மினுக்கல். மறுபடி ஒன்றுமில்லை. அது சுழலும் வட்டு உள்ள பழைய ரகம் என்பதால் காதையும் வைத்துக் கேட்டேன். கன்னம் சுட்டது. உள்ளே எங்கோ ஆழத்தில், நகத்தால் பலகையைச் சுரண்டுவது போல ஒரு சத்தம் வந்து நின்றது.

"உயிர் இருக்கு. வேலை நடக்குது, ஆனா ஊர்ந்துக்கிட்டு நடக்குது."

"அப்ப அந்த நம்பர் ஏன் நகரலை?" என்றார் மாமா.

"அது கடிகாரம் இல்ல மாமா. உங்க பஸ் நிறுத்தம் மாதிரி. ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கூப்பிடு தூரமும் இருக்கும், ஒரு பாலம், ரெண்டு சிக்னலும் இருக்கும். இது நிறுத்தத்தை மட்டும்தான் எண்ணுது, தூரத்தை எண்ணலை."

மாமா இதை மிகவும் ரசித்தார். "கண்டக்டர் புத்தி" என்றார்.

செருகியிருந்த பென்டிரைவையும் மவுஸையும் எடுத்தேன். புது ஏற்பாடு உள்ளே வரும்போது வெளிச் சாமான் எதுவும் குறுக்கே நிற்காமல் இருப்பது நல்லது. சார்ஜர் ஒழுங்காகச் செருகியிருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு மூன்று பேரும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் முப்பத்திரண்டு முப்பத்து மூன்றானது. பிறகு முப்பத்து நான்கு.

"பாத்தியா, உன்னைக் கண்டா பயம்" என்றாள் அக்கா. "வா, டீ போடறேன். நீங்க இங்கேயே இருந்து பாத்துக்குங்க, எதையும் அமுக்காதீங்க" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

பால் காய்ந்துகொண்டிருந்தபோது, "கட்டம் பாப்போமே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

எப்படி மறக்கும்? அப்பாவின் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய கணினி அது. இருவரும் தூக்க முடியாமல் தூக்கி வந்து கூடத்து மூலையில் வைத்தோம். ஆளுக்கு அரைமணி நேர முறை. அம்மாவின் அடுப்படி மணியை முடுக்கி வைப்போம், அடித்தவுடன் எழுந்துவிட வேண்டும். முறைக்காக நாங்கள் போடாத சண்டை இல்லை. சண்டையே வராத ஒரு வேளையும் இருந்தது. எப்போதாவது அப்பா வட்டை ஒழுங்குபடுத்தும் நிரலை ஓட விடுவார். கண்ட இடத்தில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து அடுத்தடுத்து அடுக்கி வைக்கிற நிரல். திரை முழுவதும் வண்ணக் கட்டங்கள். ஒரு கட்டம் இங்கே மறையும், அங்கே முளைக்கும். முடியும் வரை யாரும் தொடக் கூடாது. தொடக் கூடாது என்றால் முறையும் இல்லை. அதனால் நானும் அக்காவும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து, சினிமா பார்ப்பது போல அதைப் பார்ப்போம்.

"சிவப்புக் கட்டம் உன் கட்சி, நீலம் என் கட்சி" என்றேன்.

"நீலம்தான் எப்பவும் ஜெயிக்கும். அதுக்குத்தான் நீ நீலத்தை எடுத்துக்கிட்டே, திருட்டுப் பயலே."

டீயோடு கூடத்துக்கு வந்தோம். மடிக்கணினியின் மேல் மஞ்சள் பூக்கள் மறுபடி விரிந்திருந்தன. எலாஸ்டிக்கை நாலு மூலையிலும் இழுத்து மாட்டி, சுருக்கமில்லாமல் நீவியும் விட்டிருந்தார் மாமா.

"என்ன மாமா இது?"

"ரொம்ப கொதிச்சுது மச்சான். அதான் மூடி வச்சேன். பாவம், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்."

உறையைத் தூக்கினேன். முப்பத்து நான்கிலேயே நின்றது. பின்பக்கம், திரையும் உடலும் சேரும் இடத்தில் உள்ள காற்றுத் துளைகளின் மேல் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருக்கும் சின்ன விசிறி துப்பிய சூடு வெளியே போக வழி இல்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"காலையிலேருந்தே மூடித்தான் வச்சிருந்தீங்களா?"

"பின்னே? எப்பவும் அப்படித்தானே. சூடானா மூடி வைக்கணும்."

"மாமா, ஏத்தத்துல உங்க பஸ் சூடாகிப் புகையுது. பானெட்டைத் திறப்பீங்களா, கம்பளியைப் போட்டுப் போத்துவீங்களா?"

மாமா என் கையிலிருந்த உறையை வாங்கிக்கொண்டார். மடிக்கணினியைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்தார்.

"நான் என்னத்தைக் கண்டேன்? கல்யாணமான புதுசுலேருந்து இவதானே சொல்றா. நான் இதுல சீட்டு ஆட உக்காந்தா போதும், வந்து தொட்டுப் பாத்து, 'சூடாயிருக்கு, மூடி வைங்க'ம்பா. இது வேற ஜாதி மிஷின் போல, மூடினாத்தான் ஆறும்னு நினைச்சுக்கிட்டேன்."

சூடாயிருக்கு, மூடி வை. அதை அதே தொனியில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். பள்ளி விட்டு ஓடி வந்து என் முறைக்காக நாற்காலியை இழுத்துப் போடுவேன். டியூஷனுக்குக் கிளம்பும் அக்கா வந்து, காய்ச்சல் பார்ப்பது போலக் கணினியின் தலையில் புறங்கையை வைப்பாள். "ஐயோ, கொதிக்குது. மூடி வைடா, ஆறட்டும்" என்பாள். மூடிய பூத்துணிக்கு முன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூடினால் எப்படி ஆறும் என்று அங்கே உட்கார்ந்துதான் யோசிக்கத் தொடங்கினேன். அந்தக் கேள்விதான் பிற்பாடு என்னைத் திருப்புளி எடுக்க வைத்தது. தொழிலுக்கு வந்த பிறகும், பாவம், அக்கா அறியாமல் சொன்னாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோய்ப் புத்தகத்தை இழுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டியூஷன் முடிஞ்சு நான் வர்றதுக்குள்ள நீ ஏதாவது விளையாட்டைத் தொடங்கிட்டா, பிறகு எழுந்திருக்கவே மாட்டே. அதான் அப்படிச் சொன்னேன். நீ நம்பினே. நம்பறானேன்னு தினமும் சொன்னேன்."

"அப்ப என்கிட்ட?" என்றார் மாமா.

"நீங்களும் நம்பினீங்க."

மாமாவுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அதற்குள் அக்காவின் பார்வை கடிகாரத்துக்குப் போனது. சிரிப்பு நின்றுவிட்டது. "முடிஞ்சிடுமாடா?" என்றாள், சின்னக் குரலில்.

"உன்னோட தடிப் புத்தகம் ரெண்டு கொண்டா."

இரண்டு மருந்தியல் புத்தகங்களை இடைவெளி விட்டு வைத்து, அவற்றின் மேல் மடிக்கணினியைப் பாலம் போல அமர்த்தினேன். அடிவயிற்றில் காற்று ஓடினாலே பாதி வைத்தியம். மாமா ஓடிப்போய் மேசை விசிறியைக் கொண்டுவந்து பின்பக்கம் வைத்தார். கணினியின் மூளையான செயலிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ரொம்பச் சூடானால் அது கருகும் வரை ஓடாது, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாது என்றால்தான் ஒரேயடியாக அணைந்துவிடும். இது காலையிலிருந்து அணையாமல், நடந்தும் நின்றும் வேலையைப் பார்த்திருக்கிறது. அந்தப் பழைய மடிக்கணினியின் மேல் எனக்கு மரியாதையே வந்தது.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அக்கா நகர்ந்து பாதி இடம் விட்டாள். எங்கள் இருவருக்கும் இப்போதிருக்கும் உடம்புக்கு அது பாதியே இல்லை. இருந்தும் உட்கார்ந்தேன். முதலில் சூடு குறைந்தது. பிறகு அந்தச் சுரண்டும் சத்தம் நெருங்கி நெருங்கி வந்து, மழை பிடித்தது போலச் சீராக விழத் தொடங்கியது. பழைய கணினியும் கட்டம் அடுக்கும்போது இப்படித்தான் சத்தம் போடும். நாற்பது. நாற்பத்தேழு. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நீலம் ஜெயிக்கப்போகும்போது பிடிப்பது போல.

எழுபத்தைந்துக்குப் பிறகு திரை கறுப்பானது.

"போச்சு" என்று எழுந்தார் மாமா.

"உக்காருங்க மாமா. மறுபடி தொடங்குது. இந்த நேரத்துலதான் கையைக் கட்டிக்கணும்."

கறுப்பு விலக ரொம்ப நேரமானது. விளக்கு மட்டும் விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. பிறகு எண்கள் விட்ட இடத்திலிருந்து ஏறி, நூறைத் தொட்டு, ஒரு வழியாகக் கடவுச்சொல் கேட்கும் பெட்டி வந்தது. அக்கா தட்டினாள், தப்பாகத் தட்டினாள், மறுபடி தட்டினாள். தேர்வு மென்பொருள் திறந்தது. தன் முகத்தை நேராகக் காட்டச் சொன்னது.

நேரம் நெருங்கிவிட்டது. அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. நான் எழுந்திருக்காமல், திரை வெளிச்சத்தைச் சரிசெய்கிற சாக்கில் இன்னும் அந்தப் பாதி நாற்காலியிலேயே இருந்தேன்.

"எழுந்திருடா" என்றாள் அக்கா, இடுப்பால் இடித்து. "என் முறை."

நானும் மாமாவும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டோம். மஞ்சள் பூ உறை மாமாவின் கையிலேயே இருந்தது. வாங்கிப் பார்த்தேன். அதில் சூடு இன்னும் இருந்தது. மூலையில் அம்மாவின் தையல், எலாஸ்டிக் திரும்பும் இடத்தில் எப்போதும் போடும் இரட்டைத் தையல். மடித்து வைத்துக்கொண்டேன்.

மாமா சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு என் காதருகே வந்தார்.

"மச்சான், கிரிக்கெட் பாக்கறப்ப டிவியையும் தொட்டுப் பாத்து மூடச் சொல்லுவாளே. அதுவும்...?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வெளியில பேசாதீங்க, தொடங்கப்போகுது!"

மாமா வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே மேசை விசிறி சுற்றும் சத்தமும், சற்றுக் கழித்து, விசைகள் தட்டப்படும் சத்தமும் கேட்டன.