கொழுந்தன் கைப்பக்குவம்

என் கொழுந்தனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் கிடையாது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன்தான். வாயைத் திறந்தால் பெரிய வைத்தியன். முட்டையின் மஞ்சள் கரு மாரடைப்பு. வெள்ளைச் சர்க்கரை விஷம், அதையே பழுப்பாக வாங்கினால் அமிர்தம். ராத்திரியில் பழம் தின்றால் வயிற்றிலேயே அழுகிவிடும். எல்லாம் அவன் ஃபோன் சொல்லிக்கொடுத்தது.

"உன் ஃபோன் எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சுது?" என்று கேட்பேன்.

"சிரிங்க அண்ணி, நல்லா சிரிங்க. ஒருநாள் நீங்களே என்கிட்ட வருவீங்க" என்பான்.

அந்த நாளும் வந்து தொலைத்தது. என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுது என்று டாக்டரம்மா சொன்னார். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனை டிப்போவில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். "உப்பைக் குறைங்க. இருக்கறது கெடாம பாத்துக்கிட்டா, இதை வச்சே ரொம்ப வருஷம் ஓட்டலாம்" என்றார் டாக்டரம்மா. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருந்தோம்.

ஆனால் உப்புக் குறைந்தால் அவருக்கு ஒரு வாய் இறங்காது. கல்யாணமான புதிதிலேயே அதற்காகத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவர். இப்போது கேட்க வேண்டுமா? "இதெல்லாம் ஒரு சாப்பாடா?" என்பார். "சாப்பாடு இல்ல, மருந்து. வாயை மூடிட்டு முழுங்குங்க" என்பேன் நான். சண்டைதான் மிச்சம். ஆள் துரும்பாக இளைத்துப்போனார்.

எனக்குத் துணி கம்பெனியில் இஸ்திரி போடுகிற வேலை. காலை ஷிஃப்ட், சாப்பாடு அங்கேயே கேன்டீனில். கொழுந்தனுக்கு வேலை மத்தியானத்துக்கு மேல்தான். "சமையலை என்கிட்ட விடுங்க அண்ணி, அண்ணனைத் தேத்திக் காட்டறேன்" என்று வந்து நின்றான். அப்பா இல்லாத வீட்டில் அவனை ஆளாக்கியவர் அண்ணன். அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். சரி, செய்யட்டும் என்று விட்டேன்.

என்ன மாயமோ தெரியவில்லை, கொஞ்ச நாளிலேயே அவர் தட்டை வழித்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். "நீயும்தான் சமைச்சியே! போ, போய் அவன்கிட்ட கத்துக்க" என்று எனக்குக் குத்தல் வேறு. உள்ளுக்குள் எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"டேய், உண்மையைச் சொல்லு. உப்புப் போடறியா?"

"உங்க மேல சத்தியமா ஒரு கல்லு உப்பு போடல அண்ணி. எல்லாம் கைப்பக்குவம்!"

அவன் தின்பது வேகவைத்த முட்டையின் வெள்ளைக் கரு, நான் மத்தியானம் கேன்டீன், ராத்திரி வெறும் மோர்சாதம். அவருக்கென்று வைத்ததை ருசி பார்க்க வீட்டில் வேறு வாய் கிடையாது. காய் வெந்த தண்ணீரையும் அவன் கீழே கொட்ட மாட்டான். "சத்தெல்லாம் இதுலதான் இருக்கு" என்று தினமும் ஒரு டம்ளர் அவரைக் குடிக்க வைப்பான்.

பிறகுதான் அவர் கால் கனக்கிறது என்றார். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"உடம்புல இருக்கற நச்செல்லாம் வெளிய போகுதுண்ணே, அப்ப இப்படித்தான் அசதியா இருக்கும். நல்ல அறிகுறி" என்றான் கொழுந்தன்.

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றேன். விடிந்ததும் என் பேச்சைக் கேட்காமல் அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். டிப்போவிலிருந்து ஃபோன் வந்தது: நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக் கிடக்கிறது, இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஊசி மேல் ஊசி போட்டார்கள்.

"பழச்சாறு குடிச்சாரா? வாழைப்பழம்?"

"எதுவும் இல்ல டாக்டர். நான்தான் சமைக்கறேன், எல்லாமே பாத்துப் பாத்துத்தான்" என்றான் கொழுந்தன். எங்கிருந்துதான் ஏறுகிறதோ என்று டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

சாயங்காலம் பொட்டாசியம் கொஞ்சம் இறங்கியது. ஏதாவது லேசாகக் கொடுக்கலாம் என்றாள் நர்ஸ். கொழுந்தன் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சமைத்துக் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரிச் சோறு அண்ணனுக்கு இறங்காதாம். தட்டில் போட்டுப் பிசைந்தான். சூடு எப்படி என்று பார்க்க நான் ஒரு வாய் எடுத்துப் போட்டேன்.

கரித்தது. நல்ல உப்பு. அடி நாக்கில் ஒரு கசப்பு.

அதற்குள் அவன் கரண்டியை அண்ணன் வாய்க்குக் கொண்டுபோய்விட்டான். "நில்லுடா!" என்று தட்டிவிட்டேன். சோறு படுக்கையெல்லாம் சிதறியது. வார்டே திரும்பிப் பார்த்தது.

"பாவி, உப்பு கரிக்குதேடா!"

"ஐயோ அண்ணி, அது உப்பு இல்ல. உப்புக்குப் பதிலா போடறது. உடம்புக்கு நல்லதுன்னு ஃபோன்ல ஒருத்தன் போட்டிருந்தான். உங்ககிட்ட சொன்னா வேணாம்பீங்கன்னுதான்..."

அவன் ஃபோனில் காட்டிய பாக்கெட்டைப் பார்த்ததும் டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. "சோடியத்தைக் குறைச்சு, அந்த இடத்துல பொட்டாசியத்தைச் சேத்திருக்காங்க. சிறுநீரகம் நல்லா இருந்தா அது பாட்டுக்கு வெளிய போயிடும். இவருக்கு எங்க போகும்? ரத்தத்துலயே தங்கிடும்."

"காய் வெந்த தண்ணி?" என்றேன் நான்.

"அதுவும்தான். இவருக்கு அதைக் கொட்டித்தான் ஆகணும்."

கொழுந்தன் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நானா அண்ணி? நானா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தான். "உன் ஃபோனைக் கொண்டுபோய் அடுப்புல போடு" என்றேன். எனக்கு இரக்கமே வரவில்லை.

அவர் பிழைத்து வீடு வந்தார். ஆனால் சிறுநீரகம் இன்னும் கீழே போய்விட்டது, இனி ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் எப்போது வேண்டுமானாலும் போட வேண்டி வரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். கொழுந்தன் அடுப்பங்கரைப் பக்கமே வருவதில்லை. அண்ணன் இருக்கிற அறைக்குள்ளும் போவதில்லை. இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் வீட்டில் கிடந்தான். மறுபடியும் என் சமையல். முதல் நாளே தட்டைத் தள்ளிவிட்டார்.

"அவன் சமைக்கட்டும்" என்றார்.

"உங்களுக்கென்ன கிறுக்கா? பட்டது போதாதா?"

"அவன் சமைச்சா சாப்பிடறேன். இல்லன்னா வேணாம்."

கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், மனுஷன் அசையவில்லை. கடைசியில் நானே போய்க் கொழுந்தனைக் கூப்பிட்டேன். வந்தவன் உப்பு டப்பாவை எடுத்து முதலில் என் கையில் கொடுத்தான். "நீங்களே வச்சுக்கங்க அண்ணி." காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைச் சொட்டு விடாமல் வடித்துக் கொட்டினான். கவனமெல்லாம் காயிலேயே இருந்ததில் பாதி அவன் கால்மேல் கொட்டியது. வலித்த மாதிரிகூடக் காட்டிக்கொள்ளவில்லை.

நான் ஒரு வாய் ருசி பார்த்தேன். சப்பென்று, நனைந்த அட்டையை மெல்லுகிற மாதிரி இருந்தது. இப்போது தட்டு பறக்கப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் சாப்பிட்டார். அவசரப்படாமல் மென்று, ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். கொழுந்தன் கதவருகில் தலையைக் குனிந்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"உப்பு சரியா இருக்குடா. இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்று அவனைப் பார்த்துத் தட்டை நீட்டினார்.