அண்ணன் மாற்றிக் கொடுத்த காசு

தம்பிக்குத் தகர டப்பா செய்யும் கம்பெனியில் வேலை. மூடிகளை அடித்தெடுக்கும் இரும்பு அச்சுகளைப் பொருத்தும் டை ஃபிட்டர். டையில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும், அடுத்து வரும் மூடி ஒவ்வொன்றிலும் மெல்லிய கோடு எழும்பிவிடும். அத்தனையும் குப்பைக்குத்தான். அந்த விஷயத்தில் தம்பி ஈவு இரக்கம் பார்க்க மாட்டான். அந்தக் கறார்தான் அவனுக்கு வினையாக வந்தது.

அப்பா சாகும் முன் மகன்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பழைய வெள்ளிக்காசு கொடுத்தார். அண்ணனுடையது பளிச்சென்று இருந்தது. தம்பியுடையதில் விளிம்பிலிருந்து ராஜாவின் கழுத்து வழியாக மூக்கு வரை ஒரு கோடு ஓடியது. அண்ணன் பழங்காசு சேர்ப்பவர், அதில் கரை கண்டவர்.

"டை வெடிச்சு அடிச்ச காசுடா இது. உங்க கம்பெனியில இப்படி வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"ஸ்கிராப்ல போடுவோம்."

"பாத்தியா, நீயே சொல்லிட்ட. சரி, என்னோட நல்ல காசை நீ வச்சுக்க. சொத்தையை நான் வச்சுக்கறேன்."

தம்பி உருகிப்போனான். மனைவியிடமும் கேண்டீனிலும் ஏழு வருஷம் ஒரே பாட்டு: எங்கண்ணன் மனசு யாருக்கு வரும்!

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். காசு வாங்க வந்தவர் ஒரு கோட்டைக் காட்டிச் சந்தேகப்படுகிறாராம், தம்பி வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பழைய காசு இவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று அண்ணனுக்கு அலட்சியம்.

தம்பி லென்ஸை வாங்கிக் குனிந்தான். விளிம்பு, கழுத்து, மூக்கு. அவனுடைய காசு!

"கீறல்னா விலை பாதியாயிடும்," என்றார் வந்தவர். "டை கிராக்னா நாலு மடங்கு தர்றேன். இவ்வளவு நீளமா ஓடினது அபூர்வம். எங்க கிடைச்சது சார்?"

"அப்பா எனக்குக் குடுத்தது," என்றார் அண்ணன், தம்பியின் முகத்தைப் பார்க்காமல்.

அபூர்வம் என்று தெரிந்துதான் அண்ணன் மாற்றிக்கொண்டார் என்பது தம்பிக்கு இப்போதுதான் புரிந்தது. ஏமாந்ததுகூடப் பெரிதில்லை, ஏமாற்றியவருக்கே ஏழு வருஷம் நன்றி சொல்லித் திரிந்தோமே என்பதுதான் தாங்கவில்லை. கீறல் என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் வியாபாரம் அம்போ. வாய் வரை வந்தது. ஆனால் இரும்பு விஷயத்தில் பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

"டை கிராக்தாங்க. கோடு மேடா நிக்குது பாருங்க. கீறியிருந்தா பள்ளமா இருக்கும்."

அண்ணனின் முகம் மலர்ந்தது.

"ஆனா அப்பா இதை எனக்குத்தான் குடுத்தார். குறையுள்ளதுன்னு சொல்லி இவர் மாத்திக்கிட்டார்." பர்ஸைத் திறந்து பளபளப்பான காசை மேசைமேல் வைத்தான். "இவருக்குக் குடுத்தது இது."

வந்தவர் லென்ஸை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீதானடா ஸ்கிராப்னு சொன்னே!" என்று சீறினார் அண்ணன்.

"மூடியைப் பத்திக் கேட்டீங்க, சொன்னேன். காசைப் பத்தி உங்களுக்குத் தெரியும்னு நம்பினேண்ணா."

கோடு ஓடிய தன் காசை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினான். மனைவியிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தான். அண்ணன் பெருமையை அவளுக்கு மனப்பாடமாக்கியவனே அவன்தானே.