அஃப்ஸானாவுக்கு ஒரு ஜமாஅத் கடிதம்

அப்துல் வாஹிதுக்கு வாய் இல்லை என்று ஊரில் ஒருத்தரும் சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டி பஜாரில் கையுறை, ஹெல்மெட், சேஃப்டி ஷூ விற்கிறவர். சிப்காட் கம்பெனிகளிலிருந்து எப்பேர்ப்பட்ட பர்ச்சேஸ் மேனேஜர் வந்தாலும் பேசியே மடக்கிவிடுவார். அந்த வாய் ஒரே ஒரு விஷயத்தில்தான் அடைத்துக்கொள்ளும். “பொண்ணு இன்னா படிக்குது பாய்?” என்று யாராவது கேட்டால் போதும், மனிதர் ஷூ சைஸைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

மகள் அஃப்ஸானா படித்தது மதங்களைப் பற்றி. எம்.ஏ. முடித்து, சென்னையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். தினமும் வீடு இருக்கும் கவரைப்பேட்டையிலிருந்து லோக்கல் ரயிலில் போய் வருகிறாள். இப்போது நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு, சமயவியலில் முனைவர் பட்டம் படிக்க விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டில் ஒரு சாமியை வைத்துக்கொண்டு இன்னொரு வாசலில் போய் ஜனங்கள் ஏன் நேர்ந்துகொள்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இதை பஜாரில் நின்று எப்படிச் சொல்வது? இன்ஜினியரிங் என்றால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும்.

போகட்டுமா என்று மகள் கேட்டபோது, “பாக்கலாம்மா” என்றிருந்தார் வாஹித். கடைக்கு வருகிற ஆளைத் துரத்தவும் மனசில்லாமல், சரக்கைக் கொடுக்கவும் மனசில்லாமல் சொல்கிற அதே “பாக்கலாம்”. அஃப்ஸானாவுக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் அவள் அதையே பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

பேராசிரியர்கள் இரண்டு பேர் பரிந்துரைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவதாக, அவளை நன்றாக அறிந்த சமய சமூகத்திலிருந்து ஒரு கடிதத்தைப் பல்கலைக்கழகத்தில் கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையோடு கெடு முடிகிறது.

“ஜமாஅத்துல ஒரு லெட்டரா? இது ஒரு பெரிய விஷயமா? ஷாஹுல் நம்ம ஆளு. நான் வாங்கியாறேன், நீ உடு” என்று வீறாப்பாகக் கிளம்பினார் வாஹித்.

ஜமாஅத் செயலாளர் ஷாஹுல் பள்ளிவாசல் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் சின்ன வயதுத் தோழர்கள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாஹித் வாயைத் திறந்தார். அறையில் இன்னும் ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாய் அடைத்துக்கொண்டது.

“பாப்பாவுக்கு ஜமாஅத் லெட்டர் ஒண்ணு வேணும் ஷாஹுலு. கொஞ்சம் அவசரம்” என்றார். அவ்வளவுதான். எதற்கு என்று சொல்லவில்லை.

ஷாஹுல் அதற்கு மேல் கேட்கவும் இல்லை. இந்த ஊரில் பெண்பிள்ளைக்கு ஜமாஅத் கடிதம் எதற்கு வாங்குவார்கள்? வெளியூர் மாப்பிள்ளை அமைந்தால் வாங்குவார்கள். பெண் வீட்டார் தாங்களே சொல்லும் முன்னால் மாப்பிள்ளை யார், எந்த ஊர் என்று குடைவது மரியாதை இல்லை. ஷாஹுல் முகமெல்லாம் சிரிப்பாக, “அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்” என்று தோழன் கையைப் பிடித்துக் குலுக்கி, மறுநாளே கவரை ஒட்டிக் கொடுத்துவிட்டார். வேலை இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று வாஹித் பூரித்துப் போனார். நல்ல மனுஷன், கவரைப் பிரித்துப் பார்த்திருக்கலாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசல் நிறையச் செருப்பு. ஷாஹுலின் மனைவியும் தெருப் பெண்களும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் வாழைப்பழம், மைசூர்பாகு.

“கமுக்கமா முடிச்சிட்டியே நசீமு! மாப்ள எந்த ஊரு? வெளிநாடா?” என்று ஒருத்தி வாஹிதின் மனைவி நசீம் பானுவின் கன்னத்தைக் கிள்ளினாள். நசீம் பானு வாயால் சிரித்துக்கொண்டு, கண்ணால் புருஷனைச் சுட்டுப் பொசுக்கினாள். வந்தவர்கள் கிளம்பும்வரைதான் அந்தச் சிரிப்பு.

“இன்னாங்க, எனுக்கே தெரியாம எம்பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு வந்துட்டீங்களா? நான் இன்னா இந்த ஊட்டுக்கு வாடகைக்கு வந்தவளா?”

“மாப்ளயா? எந்த மாப்ள?” என்று முழித்தார் வாஹித்.

அஃப்ஸானா அவர் கையிலிருந்த கவரை வாங்கிப் பிரித்தாள். சத்தமாகவே படித்தாள். “எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த அப்துல் வாஹித் அவர்களின் மகள் அஃப்ஸானா திருமணம் ஆகாதவர், நல்லொழுக்கம் உள்ளவர். இவருடைய நிக்காஹ்வைத் தங்கள் ஊரில் நடத்திக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.”

நசீம் பானுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அந்த யுனிவர்சிட்டிக்கே கட்டிக் குடுத்துட்டாரு!” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அஃப்ஸானா சிரிக்கவில்லை.

“எதுக்குன்னு சொன்னீங்களா வாப்பா?”

“அது வந்தும்மா… ஆளுங்க இருந்தாங்க.”

“ஆளுங்க முன்னாடி சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சா?”

வாஹித் தரையைப் பார்த்தார்.

“பரவால்ல வாப்பா. நான் வேற யாரையாச்சும் கேட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டு அவள் அறைக்குள் போய்விட்டாள். கத்தியிருந்தால்கூட அவருக்குத் தாங்கியிருக்கும். அந்தப் ‘பரவால்ல’தான் நெஞ்சில் போய்க் குத்தியது. இத்தனை வருஷமாக மகளைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லாமல் ஷூ சைஸ் பேசிக்கொண்டிருந்தோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. வர வேண்டிய கோபம்தான், கொஞ்சம் தாமதமாக வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து கமிட்டிக்காரர்கள் ஆபீஸ் அறையில் கூடியிருந்தார்கள். வாஹித் போய் நடுவில் நின்றார். எல்லாரும் மாப்பிள்ளை பெயரைக் கேட்கத் தயாராக நிமிர்ந்தார்கள்.

“மாப்ளயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம்பொண்ணு மதங்களப் பத்திப் படிக்கிறா. டாக்டர் பட்டத்துக்கு நெதர்லாந்து போறதுக்கு எழுதிப் போடறா. அதுக்கு அவளப் பத்தி நம்ம ஜமாஅத்து ஒரு லெட்டர் தரணும். முந்தாநேத்து இத்த சொல்லாம போனது என் தப்பு. வாங்கின மைசூர்பாக்கு நல்லா இருந்துச்சு, திருப்பித் தர முடியாது.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கமிட்டியில் மூத்தவரான அஹ்சன் ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை.

“மார்க்கத்தப் படிக்க அந்தூருக்கு எதுக்கு வாஹிது? இங்க மதரசா இல்லியா?”

“கீது ஹாஜியார். நாம எப்படித் தொழுவணும்னு அங்கதான் கத்துக்கினா. சடையப்பன் பொண்டாட்டி முத்தம்மா, அறுப்பு முடிஞ்சா மொத நெல்ல எதுக்கு தர்காவுக்குக் கொண்டாறா? அத்த யாரு கத்துக் குடுப்பா? இவ அவங்க ஊட்டுக்கே போயி உக்காந்து கேட்டு எழுதிக்கினு கீறா. எனுக்கும் முழுசாப் புரியல. ஆனா அது நல்ல கேள்வின்னு மட்டும் புரியுது.”

மகளைப் பற்றி அவர் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக வந்தது அதுதான் முதல் தடவை. ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஷாஹுல் வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். “எனுக்கு கல்யாண லெட்டர் எழுதத்தாம்பா தெரியும். இதுல இன்னா எழுதறது? பொண்ணப் பத்தித் தெரிஞ்சவங்க சொல்லுங்க. நீ சொல்லாத வாஹிது, நீ பெத்தவன்.”

முதலில் வாயைத் திறந்தவர் ஹாஜியார்தான்.

“எழுது. கொரோனால எம்பொஞ்சாதி மவுத்தானப்ப, மையத்தக் குளிப்பாட்ட ஒரு பொம்பள வரல. பயம். யாரையும் கொற சொல்ல முடியாது. இந்தப் பொண்ணுதான் வந்திச்சு. மாஸ்க்கு, கையுறை எல்லாம் மாட்டிக்கினு, என் மருமவளோட நின்னு, ஓத வேண்டியத ஓதி, மொறயாக் குளிப்பாட்டி கஃபன் துணி போட்டுட்டுப் போச்சு. ஊட்ல சொல்ல வாணாம், பயப்படுவாங்கன்னு என்கிட்ட கேட்டுக்கிச்சு. இன்னிவரைக்கும் சொல்லல. இப்ப சொல்றேன், எழுது.”

கடையிலிருந்து ஒரு ஜோடி கையுறை வேண்டும் என்று அந்தச் சமயத்தில் மகள் கேட்டது வாஹிதுக்கு நினைவுக்கு வந்தது. பெருமையும் பயமும் ஒன்றாகப் பொங்கி, மனிதர் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார். இந்தத் தடவை வெட்கப்படவில்லை.

ஷாஹுல் எழுதி முடித்து ஜமாஅத் முத்திரையைக் குத்தினார். வாஹித் பேனாவுக்குக் கை நீட்டினார்.

“உனுக்கு இன்னாத்துக்கு? நிக்காஹ் புக்குலதான் பொண்ணோட அப்பன் கையெழுத்துப் போடுவான். இதுல உனுக்கு எடமே இல்லப்பா.”

“அடியில காலியாத்தான கீது. குடு.”

வீட்டில் அஃப்ஸானா கடிதத்தை வாங்கி, ஆங்கிலத்தில் பெயர்ப்பதற்காக மேஜையில் விரித்தாள். ஹாஜியார் சொன்னது எழுதியிருந்த இடத்தில் தலை நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்தாள். மேலே படி என்பதுபோல் அவர் தலையசைத்தார். அவள் மேலே படித்தாள். முத்திரைக்குக் கீழே, பில் போடுகிற சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘என் மகள் அஃப்ஸானாவை அனுப்பி வைக்க எனக்கு முழுச் சம்மதம். அப்துல் வாஹித்.’

“இத அவங்க கேக்கவே இல்லியே வாப்பா” என்றாள்.

“அவங்களுக்கு எழுதலம்மா.”

அவள் கடிதம் முழுவதையும் பொறுமையாக ஆங்கிலத்தில் தட்டினாள். அந்த ஒரு வரியை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.