வலப்பக்க ஜன்னல்

ஏணியில் சாய வாளியை மாட்டிவிட்டு, ஜெத்ரோ மேல்மாடிக் கடைசி ஜன்னலுக்குக் கண்ணாடி வரையத் தொடங்கினான். வின்ட்லோ மாளிகை முகப்பில் வாசலுக்கு இடப்பக்கம் எத்தனை ஜன்னலோ, வலப்பக்கமும் அத்தனை இருந்தாக வேண்டும். இது மட்டும் போலி. சுற்றிக் கல் சட்டம், நடுவில் செங்கல், அதன்மேல் கறுப்புச் சாயம். மழையில் வெளுத்துவிடும், வருஷா வருஷம் அவன்தான் அடிக்கிறான்.

அந்தச் செங்கலுக்குப் பின்னால், வேலைக்காரர் அறையில், மாளிகைக்குத் துணி வெளுக்கும் அவன் தங்கை ஹெஸ்டர் படுத்துக் கிடந்தாள். சலவைக்கூடத்து ஆவியில் நெஞ்சு கெட்டுவிட்டது. காற்று வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்த அறைக்கு வேறு ஜன்னல் கிடையாது. வீட்டுக்கு அழைத்துப் போகலாமென்றால், ஜெத்ரோவின் ஒற்றை அறையில் ஏற்கெனவே ஏழு பேர்.

"ஒத்தை வரிசைச் செங்கல்தானேடா. நாலு தட்டு தட்டினா விழுந்துடும்" என்றான், கீழே ஏணியைப் பிடித்திருந்த ஆமோஸ்.

"தட்டிட்டு? குடியிருக்கிற வீடும் இவங்களோடதுதான். துரத்திட்டா உங்கப்பன் வீட்டுலயா வந்து படுக்கிறது?"

எஸ்டேட் மேனேஜர் பிரிட்மோர் புல்வெளியில் வந்தார். ஜெத்ரோ இறங்கித் தொப்பியைக் கழற்றினான்.

"ஐயா, இந்த ஜன்னலைத் திறந்துடலாமுங்களா? ஞாயித்துக்கிழமை நானே செஞ்சுடறேன், கூலி வேண்டாம். தங்கச்சிக்கு மூச்சு விட முடியலைங்க."

"திறந்தா துணி காயப்போடுவாளுங்க. வண்டியில வந்து இறங்குற பெரிய மனுஷங்க, வேலைக்காரி பாவாடையையா பாக்கணும்?"

"ஒண்ணும் தொங்காதுங்க. நான் பொறுப்பு."

"முடியலேன்னா போகச் சொல்லு. சலவைக்கு ஆளா இல்ல?"

ஜெத்ரோவின் கையில் தொப்பி கசங்கியது. நாலடி போன பிரிட்மோர் திரும்பினார்.

"மறந்துட்டேன் பாரு. அந்த ஜன்னல் பொணம் மாதிரி முழிக்குதுன்னு எஜமானியம்மா சொன்னாங்க. கீழ்ப்பாதிக் கண்ணாடியைக் கொஞ்சம் மேல தூக்கி, திறந்திருக்கிற மாதிரி வரைஞ்சுடு. வெள்ளைத் திரை ஒண்ணு காத்துல ஆடட்டும்."

"பாவிப் பயலுவ" என்று, அவர் போனதும் ஆமோஸ் தரையில் துப்பினான்.

ஜெத்ரோ மறுபடி ஏறினான். ஜன்னலைப் பாதி திறந்து வரைந்தான். வெள்ளையைத் தொட்டுத் திரையின் நுனியைத் தூக்கிவிடும்போது செங்கலுக்கு அப்பால் இருமல் கேட்டது. அது அடங்கும்வரை கையை நிறுத்தினான். பிறகு திரையை இன்னும் கொஞ்சம் பறக்கவிட்டான்.