வியாழன் பத்து மணி

சலவை அறைப் பலகையிலிருந்து பூட்டைக் கழற்றி யோன்னாவின் கையில் வைத்தார் பெக்கா. கட்டைவிரல் அளவுப் பூட்டு. அதன் மேல் அப்பாவின் வீட்டு எண், பதினான்கு.

அந்தக் குடியிருப்பின் சலவை அறைக்கு முறை வைத்துத்தான் போக வேண்டும். பலகையில் வேண்டிய நேரத்துக்கான துளையில் தன் பூட்டைப் போட்டுவிட்டால் வேறு யாரும் அந்த நேரத்தை எடுக்க முடியாது. அப்பாவுக்கு வியாழன் காலை பத்து மணி. மூன்று வாரம் அந்தப் பூட்டு அசையவில்லை. அப்பாவும் சமையலறைத் தரையில் அசையாமல் கிடந்தார்.

"புகார் வந்துச்சும்மா," என்றார் கட்டடத்தைப் பராமரிக்கும் பெக்கா. "பதினாலாம் நம்பர் முறையைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு துவைக்கவே வர்றதில்லன்னு. சத்தம் போடத்தான் மேல போனேன். கதவுகிட்ட போனதும்... போலீஸைக் கூப்பிட்டேன்."

"அதுவரைக்கும் யாருமே மணி அடிக்கலையா?"

"சீட்டு எழுதி ஒட்டினாங்களே," என்றவர், தன் காலணியைப் பார்த்தார்.

சலவை இயந்திரத்தின் மேல் மூன்று சீட்டுகள் இன்னும் ஒட்டியிருந்தன. ஒரே கையெழுத்து. 'பதினான்காம் எண்ணுக்கு: ஈரத்துணியை இயந்திரத்திலேயே விட்டுப் போவது அழகா?' அடுத்த வாரம், 'மற்றவர்களுக்கும் அழுக்குத் துணி உண்டு.' கடைசியாக, 'வெட்கமாக இல்லையா?' கீழே ஒரு சிரித்த முகம் வரைந்து, 'அன்புடன், அண்டை வீட்டார்.'

"அந்தத் துணியெல்லாம் எங்க?"

"தெரியலையேம்மா."

மேலே அப்பாவின் வீட்டில், கதவுத் துவாரம் வழியே விழுந்த கடிதங்களைப் போலீஸார் ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். ஒன்று அப்பா சிக்ஸ்டனின் பெயருக்கு மருத்துவ மையத்திலிருந்து. குறித்த நாளில் சிக்ஸ்டன் அவர்கள் வராததால், அவருக்கு இனி உதவி தேவையில்லை என்று எடுத்துக்கொண்டார்களாம். யோன்னாவுக்குக் கொதித்தது. ஆனால் யார் மேல் கோபப்பட அவளுக்கு யோக்கியதை இருக்கிறது?

மூன்று வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை பத்து இருபதுக்கு அப்பா கூப்பிட்டார். அவளுக்கு அப்போது ஒரு வேலையும் இல்லை. மாத்திரை, மூச்சு, தூக்கம் என்று அரை மணி நேரம் இழுப்பார் என்று கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஒரு இதயப் படம் அனுப்பினாள். பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அவர் விட்டுவைத்த குரல் பதிவை இன்னும் கேட்கவில்லை.

மாடிப்படியில் காலடி. யோன்னா ஓசைப்படாமல் கதவுத் துளையில் கண்ணை வைத்தாள். எதிர் வீட்டு விவி, கையில் ஒரு பையுடன். யோன்னா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வயதில் அப்பா இதே கதவுக்குப் பின்னால் நிறுத்திச் சொல்லித்தந்தது இது: "பொறுடா கண்ணு, விவி இறங்கிப் போகட்டும். மாட்டினா பேச வேண்டி வரும்."

விவி மணியருகே விரலைக் கொண்டுபோனாள். பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

யோன்னா திறந்து பையை எடுத்தாள். அப்பாவின் சட்டைகள், இஸ்திரி போட்டு, கழுத்துப்பட்டை மடியாமல். காலுறைகள் ஜோடி ஜோடியாக. மேலே ஒரு சீட்டு: 'இயந்திரத்தில் இருந்தது.' அதே கையெழுத்து.

அவள் படிக்கட்டில் உட்கார்ந்து கைபேசியைக் காதில் வைத்தாள்.

"யோன்னா, அவசரமில்லம்மா. நீ வேலையா இருப்ப. துணியைப் போட்டுட்டு இப்பத்தான் மேல வந்தேன். நெஞ்சுல என்னமோ ஒரு மாதிரியா இருக்கு. எதிர் வீட்டு மணியை அடிக்கலாமான்னு பார்த்தேன். வேணாம், காலையில எதுக்குத் தொந்தரவு. நீ எடுத்தாப் போதும். சரி, அப்புறம் பேசறேன்."

அதற்கு மேல் எதுவும் இல்லை. அவள் அழுதாள். பிறகு ஒரு சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நான்கே எட்டில் எதிர்க்கதவுக்குப் போய் மணியை அழுத்தினாள்.

உள்ளே காலடி நெருங்கி நின்றது. கதவுத் துளையில் தெரிந்த வெளிச்சம் மறைந்தது. கதவு திறக்கவில்லை.

"நான் இங்கதான் நிக்கறேன், விவி," என்றாள் யோன்னா.

மாடிப்படி விளக்கு, யாரும் நடமாடவில்லை என்று நினைத்து, தானாக அணைந்தது. அவள் நகரவில்லை.