மூவருக்கும் புரிந்த விடை

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "சாம்பு ஒரு கோடைக்கு மைசூரில் வாத்தியாராக இருந்தான், அப்புறம் ஜன்மத்துக்கும் சாக்பீஸைத் தொடவில்லை." எங்கள் வீட்டில் யாரோ எப்போதோ சொன்னது. சாம்பு என் அப்பாவுக்குச் சித்தப்பா முறை. ரயில்வே கணக்கு ஆபீசில் ரிடையர் ஆனவர். ஏன் தொடவில்லை என்று குடும்பக் குழுவில் கேட்டேன். ஒரு பெரியப்பா கைகூப்பும் பொம்மை போட்டார். ஓர் அத்தை, "அவருக்குச் சுண்ணாம்புத் தூசி ஆகாது" என்றாள். மற்றவர்கள் படித்துவிட்டார்கள் என்று நீல டிக் சொன்னது. அவ்வளவுதான்.

ஆகவே மீதி எல்லாம் நான் கட்டியது. பிழைக்க வந்த ஊரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வீட்டாருக்காக ஃபோனில் பேசிப் பேசிப் பதிகிறேன். பஸ் வந்தால் வாக்கியம் பாதியில் நிற்கும். அப்படி நின்றவற்றை அழிக்கப் போவதில்லை.

2

முதல் ஆரம்பம்: "1951, மே மாதம். சாமுண்டி மலைமேல் வெயில்..." (வேண்டாம். மைசூர் என்றதும் மலையைக் காட்டுவது காலண்டர்காரன் வேலை.)

இரண்டாம் ஆரம்பம்: "சுதந்திரம் வந்து நாலு வருஷம் ஆகியும் சாம்புவின் வேலை நிரந்தரமாகாமல்..." (இதுவும் வேண்டாம். தேசத்துக்கும் அவன் வேலைக்கும் முடிச்சுப் போட்டால் பள்ளிக்கூடக் கட்டுரை ஆகிவிடும்.)

மூன்றாவது: "முதல் நாள் வகுப்பில் சாமியாத்தாள் பெஞ்சில் உட்காரவே இல்லை."

இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3

உட்காராததற்குக் காரணம் மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குடுவை. உட்கார்ந்தால் தெரியாது.

அந்தக் கல்லூரிக்கு நான் பெயர் வைக்கவில்லை. தனியார் கல்லூரி. கோடையில் ஹைஸ்கூல் முடித்த பிள்ளைகளைக் கூப்பிட்டு இன்டர்மீடியட் பாடத்தை முன்கூட்டியே நடத்துவார்கள். கடைசியில் பிரின்சிபால் வாய்மொழியாகக் கேள்வி கேட்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு கேள்வி. தேறினால் ஜூனில் சீட். பௌதிகம் நடத்தத் தற்காலிகமாக வந்தவன் சாம்பு, இருபத்தைந்து வயது. ரசாயனம் நடத்தியவள் பத்மாஸினி. மேல்கோட்டை வழி ஐயங்கார்க் குடும்பம், வீட்டில் தமிழ்; அவனுக்கு நாலைந்து வயது மூத்தவள், வேலை நிரந்தரமானவள்.

சாமியாத்தாள் கொள்ளேகாலத்துக்கு அப்பால் ஹனூர்ப் பக்கம். அப்போது அதெல்லாம் சென்னை ராஜ்ஜியம். படித்தது தமிழில், பேசுவது கொங்குத் தமிழ். கன்னடம் சந்தைக்குப் போதும். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவு. மண்டி மொஹல்லாவில் வெல்லக் கடை வைத்திருந்த அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். அவளுடைய அப்பா அய்யாவு சொல்லி அனுப்பியது இரண்டே வார்த்தை: சீட் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் ஆவணியில் அத்தை மகனோடு கல்யாணம்.

(அத்தை மகன் கெட்டவன் இல்லை. அவனைக் குடிகாரனாக்க ஒரு பத்தி பேசிப் பார்த்தேன். அது திருட்டுத்தனம். அவன் வெல்லம் நிறுக்கிற சாதாரண ஆள். அவள் அவனை வேண்டாம் என்று சொல்லவில்லை. குடுவையைப் பார்க்க வேண்டும் என்றாள்.)

4

சாம்பு குடுவையில் தண்ணீரைக் கொதிக்கவைத்தான். அடுப்பை அணைத்தான். கொதிப்பு அடங்கியதும் கார்க்கை இறுக்கிக் குடுவையைத் தலைகீழாகத் தாங்கியில் நிறுத்தி, அதன் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினான். உள்ளே அடங்கிக் கிடந்த தண்ணீர் மறுபடி தளதளவென்று கொதித்தது.

"ஏனுங் சார்," என்றாள் சாமியாத்தாள், வகுப்பில் எல்லாருக்கும் கேட்கும்படி. "பச்சத் தண்ணி ஊத்துனா கொதிக்குதுங்களா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சாம்பு சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்திவைத்துத் தமிழில் சொன்னான். குடுவைக்குள் இருக்கும் ஆவி குளிர்ந்தால் சுருங்கும், தண்ணீரை மேலிருந்து அமுக்குவது குறையும், அமுக்கம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். உயரத்துக்குப் போகப் போகக் காற்று அமுக்குவதும் இப்படித்தான் குறையும் என்றான்.

அவள் குடுவையில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு, "அப்ப பிளிகிரி மலைமேல எங்க பெரியம்மாளுக்குத் துவரம்பருப்பு வேகாததுக்கு வெறகு காரணம் இல்லீங்களா? பாவம், ஈர வெறகு கொண்டாந்தேன்னு பெரியப்பன் அந்தம்மாளக் கை நீட்டி அடிச்சுப்போட்டாருங்" என்றாள்.

சாம்புவுக்கு உடம்பு சிலிர்த்தது. வாத்தியார் வேலையில் அப்படி ஒரு கணம் வாய்ப்பதற்காகவே...

(பஸ். இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியும், ஆனால் முடித்தால் பொய்யாகிவிடும்.)

அன்றுமுதல் தினமும் வகுப்புக்குப் பிறகு அவளுக்குத் தமிழில் நடத்தினான். புரிந்தால் போதும், வார்த்தை தானாக வரும் என்று நம்பினான். அவன் செய்த தவறு இதுதான். கதையில் வேறு தவறு கிடையாது.

5

பத்மாஸினிக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவள் வகுப்புப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் வரிசையாக நின்று இங்கிலீஷ் விளக்கங்களை சஹஸ்ரநாமம் மாதிரி ஒப்பித்தார்கள்.

"ஒண்ணும் புரியாம ஒப்பிக்கறதுகளே, மேடம்," என்றான் சாம்பு.

"புரியறது எதுக்கு? நெய்வேத்யம் பண்றச்சே பெருமாளுக்குப் புரியறதான்னு கேக்கறேளா? காட்டணும், அஷ்டே, அவ்வளவுதான்." குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கொள்ளேகாலத்துப் பொண்ணுக்குத் தமிழ்ல பாடம் சொல்றேளாமே. பேட ரீ, வேண்டாம் சாம்பு. அவளுக்கும் நன்னா இருக்காது, உமக்கும் நன்னா இருக்காது."

"நீங்களே இப்போ தமிழ்லதானே பேசறேள்?"

"இது தாழ்வாரம்," என்றாள் பத்மாஸினி.

6

பிரின்சிபால் திருநாராயணனை வில்லனாக்கத்தான் எனக்கு ஆசை. முடியவில்லை. எழுத எழுத மனிதர் பாவமாகிக்கொண்டே போகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்ரஹாரத்தில் அவர் வீட்டுக்குச் சாம்பு போனான். வேலை நிரந்தரமாகுமா என்று கேட்கத்தான், வாயில் வரவில்லை. பிரின்சிபால் தரையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி, "ரங்கம்மா, சாத்தமுதுல உப்பு போறலை, நாளைக்காவது பாத்துப் போடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். "சாம்பு, காபி சாப்பிடுங்கோ" என்றார். அவர் தமிழைச் சாம்பு கேட்டதே அன்றுதான். கல்லூரி வாசற்படிக்குள் அவர் இங்கிலீஷ், தப்பினால் கன்னடம்.

"நாங்க இங்க வந்து எத்தனை தலைமுறைன்னு எனக்கே தெரியாது," என்றார் வெற்றிலையை அதக்கிக்கொண்டே. "ஆனா ஆபீஸ்ல நான் ஒரு வார்த்தை தமிழ் பேசினா, அன்னிக்கே நான் மதராஸ்காரன். வெளியூர்க்காரா வேலையெல்லாம் பிடிச்சுண்டான்னு பேசறா. படி தாண்டினா எனக்குத் தமிழ் தெரியாது. உமக்கும் தெரியாம இருக்கறது க்ஷேமம்."

அது மிரட்டலா, அறிவுரையா? சாம்புவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. காபி நன்றாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7

வாய்மொழித் தேர்வு நாள். பிரின்சிபால் அறையில் மூன்று நாற்காலி: நடுவில் அவர், ஒரு பக்கம் பத்மாஸினி, மறுபக்கம் சாம்பு. கதவு திறந்திருந்தது. வெளியே குமாஸ்தாக்களின் மேஜைகள். பிள்ளை பதில் சொல்லும்போது வாத்தியார் பேசக் கூடாது; பிரின்சிபால் கேட்டால் மட்டும் பேசலாம்.

பத்மாஸினியின் பிள்ளைகள் வந்தார்கள், ஒப்பித்தார்கள், தேறினார்கள்.

"ஒளகே பாம்மா," என்று பியூன் சாமியாத்தாளை உள்ளே அனுப்பினான்.

"டிஃபைன் பாயிலிங் பாயிண்ட்," என்றார் பிரின்சிபால்.

சாம்புவுக்கு உயிர் வந்தது. குடுவை! அவளும் சாம்புவைப் பார்த்துச் சிரித்தாள். வாயைத் திறந்தாள். இங்கிலீஷ் வரவில்லை. "வாட்டர்..." என்றாள். மறுபடி, "வாட்டர்..." என்றாள். பிறகு கதவு உடைந்ததுபோல் தமிழ் வந்தது.

"தண்ணி கொதிக்கிறது அடுப்பை மட்டும் பொறுத்தது இல்லீங். மேல அமுக்குற காத்தையும் பொறுத்ததுங். மலைமேல காத்து அமுக்குறது கம்மிங். அங்க சீக்கிரமே கொதிச்சுப் போயிருமுங். ஆனா அந்தச் சூடு பத்தாதுங். அதனாலதான் பருப்பு வேகாதுங். உள்ள இருக்கிற ஆவி தள்ளுறதும், வெளிய காத்து அமுக்குறதும் எந்தச் சூட்டுல சமமாகுதோ, அதுதானுங் கொதிக்கிற புள்ளி."

வெளியே தட்டச்சு இயந்திரம் ஒன்று நின்றது.

அந்த அறையில் அன்றைக்குச் சொல்லப்பட்ட சரியான பதில்களில், சொன்னவருக்கே புரிந்த பதில் அது ஒன்றுதான். கேட்ட மூன்று பேருக்கும் அது வீட்டில் பேசுகிற மொழி. பத்மாஸினி தன் வளையலைத் திருகினாள். பிரின்சிபால் சாம்புவின் பக்கம் திரும்பி, இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார்:

"மிஸ்டர் சாம்பு, பெண் ஏதாவது பதில் சொன்னாளா?"

8

இந்த இடத்தில் கதை மூன்று நாள் நின்றுவிட்டது. மாற்று முடிவுகளைத் தருகிறேன்.

அ. சாம்பு எழுந்து அவள் சொன்னதை இங்கிலீஷில் சொல்கிறான். பிரின்சிபாலின் கண் கலங்குகிறது. சீட். (இதைப் பதிந்து, குழுவில் இருக்கிற எங்கள் அத்தைக்கு அனுப்பினேன். "சூப்பர்டா" என்றாள். உடனே அழித்தேன். நானும் இங்கே கோடையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் பாடம் நடத்துகிறவன்தான். வேலை அடுத்த வருஷமும் உண்டா என்பது இன்னொருவர் கையில். கூட்டங்களில் நான் எழுந்து பேசியதில்லை. நான் செய்யாததைச் சாம்புவைச் செய்யவைக்க எனக்கு என்ன யோக்கியதை?)

ஆ. பத்மாஸினி பேசுகிறாள். "சார், இது தாழ்வாரம் இல்லைதான், ஆனா..." (அவள் அந்த நாற்காலிக்கு வந்த பாடு அவளுக்குத்தான் தெரியும். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அதைப் பிடுங்க முடியாது.)

இ. சாமியாத்தாள் சட்டென்று இங்கிலீஷில்... (இல்லை. அவளை இவ்வளவு கெட்டிக்காரியாக்கியதே என் வசதிக்காகவோ என்று சந்தேகமாயிருக்கிறது. மக்காக இருந்திருந்தால் மட்டும் இது நியாயமாகிவிடுமா?)

ஆகவே நடந்தது, அல்லது நான் நடக்கவிட்டது: சாம்பு மேஜையைப் பார்த்தான். பேசவில்லை. பிரின்சிபால் காத்திருந்தார். நியாயமாகவே காத்திருந்தார், அதைச் சொல்ல வேண்டும். பிறகு, "நோ ஆன்சர்" என்றார், கதவுக்கு வெளியேயும் கேட்கும்படி.

9

வெளியே வேப்பமரத்தடியில் சாமியாத்தாளின் அத்தை நின்றிருந்தாள். சாம்புவைக் கண்டதும், "என்னுங் வாத்தியாரய்யா, எம்பட மருமவள டாக்டருக்குப் படிக்க வெச்சிருவீங்களாட்டம் இருந்துதே. நான் பந்தலுக்குச் சொல்லிரலாமுங்களா?" என்றாள். சிரித்தாள். அதில் விஷமில்லை. சந்தோஷம்தான் இருந்தது. அது இன்னும் மோசம்.

"நீ முன்னால போ அத்தே. சாரோட ஒரு வார்த்தை பேசோணும்," என்றாள் சாமியாத்தாள்.

அத்தை குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.

"சார்."

"சொல்லும்மா."

"சீட் இல்லைங்கிறது தெரியுமுங். அதைக் கேக்கல. நான் சொன்னது தப்புங்களா?"

சாம்பு அவளைப் பார்த்தான். சரி என்று சொன்னால், சரியான பதிலைச் சொல்லியும் துரத்தப்பட்டவளாக அவள் காலமெல்லாம் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு கொதியிலும் அது அவளுக்குத் தெரியும். தப்பு என்று சொன்னால் நிம்மதியாகப் போவாள். ஆனால் அவள் தெரிந்துகொண்ட ஒரே உண்மையை அவனே அவள் கையிலிருந்து பறித்ததாகும்.

"சரீன்னா, பின்ன ஏனுங் சீட் இல்லைன்னு கேக்க மாட்டேனுங்," என்றாள். "சத்தியமா கேக்க மாட்டேன். சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங் சார்."

10

இரண்டையும் அவன் வாயில் வைத்துப் பார்த்தேன். "சரி" என்றபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. "தப்பு" என்றபோது அவள் "அப்படீங்களா" என்று தலையாட்டிவிட்டுத் தெருவில் இறங்கினாள். அதைப் பார்க்கவும் தெம்பில்லை. அவர் ஏன் சாக்பீஸைத் தொடவில்லை என்று கேட்டுத்தான் ஆரம்பித்தேன். இப்போது அது எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரியவில்லை. பெரிய கேள்வி வேப்பமரத்தடியில் நிற்கிறது. வெல்லக் கடை அத்தை தெருமுனையில் திரும்பிப் பார்க்கிறாள்.

பெரியப்பா, அத்தை, படித்துவிட்டுச் சும்மா இருக்கிற எல்லாரும், யாராவது சொல்லுங்கள். சரி என்றாலும் சொல்லுங்கள், தப்பு என்றாலும் சொல்லுங்கள். கேட்டும் கேட்காததுபோல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அதை ஏற்கெனவே மூன்று பேர் செய்துவிட்டார்கள்.